வெறும் வயிற்றில் ஏறிய சர்க்கரை

மயிலாடுதுறையில் இருக்கும் என் பெரியம்மா சென்ற மாதம் ஒரு நாள், காலைக் காபி நேரத்தில் தொலைபேசியில் அழைத்தார். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு, அது காட்டும் எண்களையெல்லாம் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறம் எழுதி வைக்கும் வழக்கம் உள்ளவர். முந்தைய இரவு படுக்கப் போகும்போது 118 என்று காட்டிய கருவி, விடிந்ததும் வெறும் வயிற்றில் 152 என்று காட்டியிருக்கிறது. “ராத்திரி ரெண்டு இட்லி, அதோட சரி. அதுக்கப்புறம் பச்சைத் தண்ணி பல்லுல படலை. எங்கேருந்துப்பா வந்துது இது?” என்று கேட்டார். கருவி கெட்டுவிட்டது என்பதுதான் அவருடைய முதல் தீர்ப்பு. பக்கத்து வீட்டுக் கருவியும் ஏறக்குறைய அதையே சொல்லிவிட்டதால் வழக்கு என்னிடம் வந்தது.

மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிக்கிறவன் என்பதால் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒற்றை வரியில் விடை இருந்தது. அது உங்கள் கல்லீரல் தயாரித்த சர்க்கரை என்று சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. சர்க்கரை என்பது சாப்பாட்டிலிருந்து வருவது என்று நம்பிப் பத்து ஆண்டுகளாக ஆழாக்கில் அளந்து அரிசி வடித்தவரிடம், உடம்பே தனக்குள் சர்க்கரை செய்துகொள்கிறது என்று சொன்னால், அது கூடவே இருந்து குழி பறிப்பது போலத்தான் ஒலிக்கும். அன்று சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. ஒரு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்ற இயல்பான அளவை எடுத்துக்கொண்டால், அந்த 5 லிட்டரிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே நான்கரை கிராம்தான். அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. மூளையோ, ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. மணிக்கு 5 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். உறக்கத்தில் இந்தச் செலவு ஓரளவு குறையுமே தவிர நிற்பதில்லை. இரத்தச் சிவப்பணுக்களில், ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் உலைகளான மைட்டோகாண்டிரியா கிடையாது என்பதால், அவை கொழுப்பை எரிக்கத் தெரியாமல் குளுக்கோஸை மட்டுமே நம்பி வாழ்கின்றன. இரத்தத்தில் இருக்கும் அந்த ஒரு தேக்கரண்டியைத் தவிர வேறு வழியில்லை என்றிருந்தால், இரவு உணவு செரித்து முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நாம் நினைவிழந்திருப்போம். ஆகவே வெறும் வயிற்றில் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதைவிட, எட்டு மணி நேரம் உறங்கிய ஒருவர் காலையில் உயிரோடு எழுந்து காபி கேட்கிறாரே, அது எப்படி என்பதுதான் அடிப்படைக் கேள்வி.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு தட்டில் 200 கிராம் சோறு இருந்தால் அதில் 55 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். செரித்த பின் அது முழுவதும் குளுக்கோஸாகிறது. நான்கரை கிராம் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்து கிராம் வந்து இறங்குகிறது என்றால், தடுப்பார் இல்லாதபோது சர்க்கரை அளவு பத்து மடங்குக்கு மேல் எகிறிவிடும். ஆனால் நலமாக இருப்பவரின் இரத்தத்தில் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 140ஐத் தாண்டாமல் நிற்கிறது. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போகாமல், போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வந்த சரக்கில் ஒரு பங்கைக் கல்லீரல் வாசலிலேயே இறக்கி வைத்துக்கொள்கிறது. மற்றொரு பெரும் பங்கைத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் சிறு செல்கூட்டங்களின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின்தான் இரண்டு இடங்களுக்கும் தகவல் கொண்டு செல்கிறது. தசைச் செல்களில் குளுக்கோஸ் நுழைவதற்கான கதவுகள் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வந்து தட்டினால் அவை செல்லின் மேற்பரப்புக்கு வந்து பொருந்திக்கொள்ளும். கல்லீரலின் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கின்றன. அங்கே இன்சுலின் செய்வது, உள்ளே வந்த குளுக்கோஸைச் சேமிப்பாக மாற்று, வெளியே அனுப்புவதை நிறுத்து என்று கட்டளையிடுவதுதான். பெரியம்மாவின் 152ஐப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது கட்டளையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வாங்கிய குளுக்கோஸைக் கல்லீரல் அப்படியே கரைசலாக வைத்திருக்க முடியாது. அவ்வளவு சர்க்கரை ஒரு செல்லுக்குள் கரைந்திருந்தால், ஊறவைத்த உலர்திராட்சை உப்புவது போலச் செல் தண்ணீரை இழுத்து இழுத்து வெடித்தே போகும். எனவே குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, இடையிடையே கிளை விட்டு, பல பத்தாயிரம் அலகுகள் கொண்ட ஒற்றைப் பந்தாகின்றன. இதுதான் கிளைக்கோஜன். ஊடுபரவலின் கணக்கில் ஆயிரக்கணக்கான குளுக்கோஸுக்குப் பதிலாக ஒரே ஒரு பொருள் இருப்பதாக ஆகிவிடுவதால் செல்லுக்கு ஆபத்தில்லை. கிளைகள் இருப்பதற்கும் காரணம் உண்டு. தேவைப்படும்போது நுனியிலிருந்துதான் குளுக்கோஸை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். ஒரே நீளச் சங்கிலியாக இருந்தால் ஒரு நுனியில்தான் வெட்ட முடியும், கிளை விட்ட மரமாக இருந்தால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நுனிகளில் வெட்டலாம். வயிறார உண்ட ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜனும், உடலின் தசைகள் அனைத்திலும் சேர்த்துச் சுமார் 400 கிராமும் இருக்கும்.

இதைக் கண்டறிந்த கதையை வகுப்பில் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை நடத்தியதே இல்லை. நாடகம் எழுதிப் புகழ்பெற வேண்டும் என்று பாரிஸுக்கு வந்து, அது கைகூடாமல் மருத்துவம் படித்தவர் கிளாட் பெர்னார்ட். தாவரங்களே சர்க்கரையை உண்டாக்கும், விலங்குகள் அதை அழிக்க மட்டுமே செய்யும் என்பது அவர் காலத்து அறிஞர்களின் உறுதியான கருத்து. 1848இல் அவர், இறைச்சியை மட்டுமே தின்ற நாயின் உடலிலும் கல்லீரலிலிருந்து வெளிவரும் இரத்தத்தில் சர்க்கரை இருப்பதைக் கண்டார். ஆனால் அந்தச் சர்க்கரை கல்லீரலில் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது ஏழு ஆண்டுகள் பிடிபடவில்லை. வழக்கமாக ஒரே கல்லீரலில் இரண்டு அளவீடுகளை உடனுக்குடன் செய்பவர், 1855இல் ஒரு நாள் நேரம் போதாமல் ஒன்றை மட்டும் செய்துவிட்டு, மற்றொன்றை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். மறுநாள் அளந்தால், உயிரற்றுக் கிடந்த அந்தக் கல்லீரலில் முந்தைய நாளைவிட அதிகச் சர்க்கரை இருந்தது. சோம்பல் என்று நாம் வெட்கப்பட்டு மறைத்திருக்கக்கூடிய ஒன்றை அவர் பிடித்துக்கொண்டார். புதிதாக எடுத்த கல்லீரலின் இரத்தக் குழாய்களில் சர்க்கரையின் சுவடே இல்லாமல் போகும்வரை தண்ணீரைச் செலுத்திக் கழுவினார். கழுவியதைச் சாதாரண அறை வெப்பத்தில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அதில் மீண்டும் சர்க்கரை நிறைந்திருந்தது. இரத்தம் கொண்டுவந்து போட்டது என்று சொல்ல இனி வழியில்லை. தண்ணீரில் எளிதில் கழுவப்படாத ஏதோ ஒரு பொருள் கல்லீரலுக்குள்ளேயே இருந்துகொண்டு சர்க்கரையாக மாறுகிறது. 1857இல் அந்தப் பொருளை அவர் பிரித்தெடுத்து, சர்க்கரையைப் பிறப்பிப்பது என்ற பொருளில் கிளைக்கோஜன் என்று பெயரிட்டார். பெரியம்மாவின் கேள்வியும் பெர்னார்டின் கேள்வியும் ஒன்றுதான்: ஒன்றும் உள்ளே போகாதபோது சர்க்கரை எப்படிக் கூடியது?

மொத்தச் சேமிப்பில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளில் இருக்கிறது என்றேன். ஆனால் இரவில் மூளை பட்டினி கிடந்தாலும் தசை தன் பங்கிலிருந்து ஒரு கிராம் குளுக்கோஸைக்கூட நேரடியாக இரத்தத்துக்குக் கொடுக்காது. காரணம் வேதியியல் சார்ந்தது. செல்லுக்குள் நுழைந்த குளுக்கோஸின் மேல் உடனே ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. பாஸ்பேட் ஒட்டிய குளுக்கோஸ் செல்லின் சவ்வைக் கடந்து வெளியே போக முடியாது. அந்தப் பாஸ்பேட்டை மீண்டும் நீக்கிவிடும் நொதி கல்லீரலில் இருக்கிறது, தசையில் இல்லை. கல்லீரல் ஊருக்குப் பொதுவான களஞ்சியம் என்றால், தசையினுடையது அஞ்சறைப் பெட்டிக்குள் முடிந்து வைத்த சிறுவாட்டுப் பணம். இந்தக் கருமித்தனம் எந்த அளவுக்குப் போகும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இருவர் 1966இல் தங்கள் உடலிலேயே சோதித்து வெளியிட்டார்கள். இருவரும் ஒரே உடற்பயிற்சி மிதிவண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப் போகும்வரை மிதித்தார்கள். பின் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரு கால்களின் தொடைத் தசையிலிருந்தும் தடித்த ஊசியால் துணுக்குகளை எடுத்து அளந்தார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன் முதலில் ஏறக்குறைய முழுவதுமாகத் தீர்ந்து, பிறகு ஓய்வாக இருந்த காலைப் போல இரண்டு மடங்காக நிரம்பியிருந்தது. சும்மா இருந்த காலில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஒரே உடலின் இடது கால் வலது காலுக்குக் கடன் கொடுப்பதில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முன் சோறும் ரொட்டியுமாக நிரப்பிக்கொள்ளும் வழக்கம் இந்த ஆய்வின் வழித்தோன்றல்தான்.

பாஸ்பேட்டை நீக்கும் அந்த ஒரு நொதி கல்லீரலிலும் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 1929இல் எட்கர் வான் கீர்க்கே என்ற ஜெர்மானியர் விவரித்த நோய் அது. கல்லீரல் கிளைக்கோஜனால் புடைத்திருக்கும். ஆனால் குழந்தை பால் குடித்துச் சில மணி நேரத்திலேயே சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். பூட்டிய களஞ்சியத்தின் வாசலில் பசி. இதன் காரணம் இன்ன நொதியின் குறைபாடு என்று 1952இல் காட்டியவர்கள் கெர்ட்டி கோரியும் கார்ல் கோரியும். பிராக் நகரில் பிறந்து, ஒன்றாக மருத்துவம் படித்து மணந்து, 1922இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இந்த இணையர்தான் கிளைக்கோஜன் எந்தப் படிகளில் வெட்டப்படுகிறது என்பதையும் கண்டறிந்து 1947இல் நோபல் பரிசு பெற்றவர்கள். கணவருக்கு இணையாக ஆய்வு செய்த கெர்ட்டிக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்ததும் அந்த 1947இல்தான் என்பதை மாணவிகளுக்குத் தவறாமல் சொல்வேன். அந்தக் குழந்தைகளுக்கு இன்று தரப்படும் சிகிச்சை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது: வேகவைக்காத மக்காச்சோள மாவைக் குறித்த நேர இடைவெளியில் தண்ணீரில் கலந்து கொடுப்பது. வேகாத மாவு குடலில் மெல்ல மெல்லச் செரித்து, கல்லீரல் செய்ய வேண்டிய வேலையைப் பல மணி நேரம் செய்கிறது.

குளுக்கோஸ் செலவாகும் விதத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது தனியே எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது. செல்லுக்குள் குளுக்கோஸ் முதலில் இரண்டாக உடைகிறது; அதில் கிடைப்பது, செல்லின் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ஏடிபி இரண்டே இரண்டு. ஆக்சிஜன் இருந்தால் அந்தத் துண்டுகள் மைட்டோகாண்டிரியாவுக்குள் போய்க் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் முடிவதற்குள் மொத்தம் முப்பது ஏடிபி வரை கிடைக்கும். தசை சுருங்குவதற்கும் நரம்பு தகவல் அனுப்புவதற்கும் செலாவணியான நாணயம் இந்த ஏடிபிதான். 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் இதைக் கண்டறிந்த அதே காலத்தில், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து தனியாகக் கண்டறிந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பலேறிய அவருடைய பெயரைப் பாடப் பகுதியில் தேடி நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

இப்போது பெரியம்மாவின் இரவுக்கு வரலாம். எட்டு மணிக்கு உண்ட இட்லி நள்ளிரவுக்குள் செரித்து முடிந்துவிடும். இரத்தச் சர்க்கரை மெல்ல இறங்கத் தொடங்கியதும் இன்சுலின் குறைகிறது. அதே லாங்கர்ஹான்ஸ் திட்டுகளின் ஆல்பா செல்கள் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் கல்லீரல் கிளைக்கோஜனை வெட்டி, பாஸ்பேட்டை நீக்கி, குளுக்கோஸாக இரத்தத்தில் விடுகிறது. மணிக்கு 7 அல்லது 8 கிராம் என்ற விகிதத்தில், மூளையும் சிவப்பணுக்களும் எடுப்பதற்கு ஈடாக. இருப்பது 100 கிராம் மட்டுமே என்பதால் கல்லீரல் சேமிப்பை மட்டும் நம்பாமல் புதிதாகவும் தயாரிக்கிறது. சிவப்பணுக்கள் குளுக்கோஸைப் பாதியில் உடைத்துக் கழித்துவிடும் லாக்டேட், கொழுப்பு உடையும்போது மிஞ்சும் கிளிசரால், தசைப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் ஆகியவையே மூலப்பொருட்கள். விடியற்காலையில் கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸில் ஏறக்குறைய பாதி இப்படிப் புதிதாகச் செய்ததாக இருக்கும். லாக்டேட் கல்லீரலுக்குப் போய் மீண்டும் குளுக்கோஸாகித் திரும்புவதற்குக் கோரி சுழற்சி என்றே பெயர். சிறுவாட்டைத் தொட விடாத தசையும் கடினமாக உழைக்கும்போது லாக்டேட்டாக வெளியேவிட்டு, சுற்று வழியில் கொஞ்சம் கொடுத்துவிடுகிறது.

வைகுண்ட ஏகாதசியன்று முழுப் பட்டினி இருந்து, இரவெல்லாம் விழித்து, மறுநாள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணை செய்யும் எங்கள் பாட்டியைப் பற்றிப் பெரியம்மா கேட்டார். ஒரு நாள் பட்டினிக்குள் கல்லீரலின் கிளைக்கோஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன் பிறகு புதுத் தயாரிப்பும் கொழுப்பும்தான். கொழுப்பைப் பெருமளவில் குளுக்கோஸாக மாற்றும் வழி மனித உடலில் கிடையாது; ஆனால் கல்லீரல் அதைக் கீட்டோன்களாக மாற்றித் தரும். நீண்ட பட்டினியில் மூளையே தன் எரிபொருளில் பெரும்பங்கைக் கீட்டோன்களுக்கு மாற்றிக்கொள்வதை ஜார்ஜ் காஹிலின் குழுவினர் பாஸ்டனில் 1967இல் காட்டினார்கள். அப்படியானால் உடல் ஏன் கிளைக்கோஜனையே கிலோக்கணக்கில் சேர்த்து வைப்பதில்லை என்றால், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. ஒருவரிடம் 12 கிலோ கொழுப்பு இருந்தால், அதே ஆற்றலைக் கிளைக்கோஜனாகச் சுமக்கத் தண்ணீரோடு சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் ஆகும். (சோற்றை நிறுத்திய முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்துவிட்டதாக மகிழ்பவர்கள் பெரும்பாலும் இழந்திருப்பது இந்தத் தண்ணீரைத்தான்.)

இதில் எதுவுமே நோய் இல்லை. நலமாக இருப்பவரின் கல்லீரலும் இரவெல்லாம் இதையே செய்கிறது. ஆனால் சிறிதளவு கூடினாலும் இன்சுலின் வந்து போதும் என்று சொன்னதும் நிறுத்திக்கொள்கிறது. பெரியம்மாவுக்கு இருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அந்தச் சொல் கல்லீரலின் காதில் சரியாக விழுவதில்லை, குளுக்ககானும் அடங்க வேண்டிய அளவுக்கு அடங்குவதில்லை. இதன் மேல், விழிப்பதற்கு முந்தைய மணி நேரங்களில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை உடலை நாளுக்குத் தயார்செய்யும் பொருட்டு உயர்ந்து, சர்க்கரையை வெளியே விடும்படி கல்லீரலைத் தூண்டுகின்றன. நலமானவரின் கணையம் அதற்கு ஈடாகக் கொஞ்சம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமன்செய்துவிடும். பெரியம்மாவின் கணையத்தால் அது இயலவில்லை. அவர் பத்து ஆண்டுகளாகச் சாப்பிடும் மெட்ஃபார்மின் முதன்மையாகக் கல்லீரலின் இந்தத் தயாரிப்பைக் குறைப்பதற்காகத் தரப்படுவது என்று சொன்னபோது, அது சோற்றுச் சர்க்கரையைக் கரைக்கும் மாத்திரை என்றே இதுவரை நினைத்திருந்ததாகச் சொன்னார். இரவு இட்லியையும் நிறுத்திவிட்டால் காலையில் குறையுமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. பட்டினி நீண்டால் கல்லீரலுக்கு வேலை கூடத்தான் செய்யும் என்றும், மாத்திரை சாப்பிடுகிறவர் உணவை விடுவது மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாதது என்றும் சொன்னேன். மாறாக, சாப்பிட்ட பின் மாடியிலோ தெருவிலோ சிறிது நடப்பதற்கு நேரடியான பயன் உண்டு. தசை சுருங்கும்போது அதன் குளுக்கோஸ் கதவுகள் இன்சுலின் தட்டாமலே மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இன்சுலினின் சொல் எடுபடாத உடலிலும் இந்தப் பாதை வேலை செய்கிறது.

ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வீட்டுக் கருவிக்கே 15 விழுக்காடு வரை பிழை இருக்கலாம். ஆனால் பெரியம்மாவின் காலண்டர் தாள்கள் மூன்று வாரமாக ஒரே கதையைச் சொல்லின. அவருடைய மருத்துவர், இரவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து அதன் எதிர்விளைவாக ஏறுகிறதா, அல்லது விடியற்காலையில் மட்டும் ஏறுகிறதா என்பதை அறிய, மூன்று மணிக்கு ஒரு முறை எழுந்து பார்க்கச் சொல்லியிருந்தார். சென்ற வெள்ளிக்கிழமை பெரியம்மா அலாரம் வைத்து எழுந்து, விளக்கைப் போட்டு, விரலைக் குத்திப் பார்த்திருக்கிறார்: 121. மீண்டும் படுத்து, ஆறரை மணிக்கு எழுந்து பார்த்தால் 149. இரண்டு எண்களையும் ஒரே தாளின் பின்புறம் எழுதி, இடையே ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேல் “ஈரல்” என்று எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்.